பள்ளி போய்வர அரசு தரும் பணம், பாஸ், வண்டி: கொங்குப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எஸ்எம்சி எனப்படும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களிலும் வட்டார வள மைய வாசலிலும் திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் பேசியபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். முதல் ஆறு கேள்விகளைப் படித்துவிட்டுப் பிறகு உங்களுக்கு வேண்டியதற்குப் போவது நல்லது. பின்னால் வருகிற பதில்கள் பல அவற்றை நம்பியே நிற்கின்றன.

1. புள்ளைங்க பள்ளிக்கூடம் போய்வர அரசாங்கம் காசு தருதுங்களாமா? அது என்ன காசுங்க?

ஒரே காசு இல்லை, நான்கு தனித்தனி வழிகள். அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தப்பான அலுவலகத்தில் போய் நிற்கிறார்கள். முதலாவது, அரசுப் பேருந்தில் இலவசப் பாஸ். இது போக்குவரத்துத் துறை சார்ந்தது. இரண்டாவது, பஸ்ஸே போகாத இடத்துக் குழந்தைக்கு வண்டி அல்லது வழித்துணைக்கான பணம். இது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், அதாவது சமக்ர சிக்ஷாவில் வருகிறது.

மூன்றாவது, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான போக்குவரத்துப் படியும் துணையாள் படியும். திட்டம் அதேதான், ஆனால் பிரிவு வேறு, பட்டியல் வேறு. நான்காவது, பதினொன்றாம் வகுப்பில் கிடைக்கும் இலவச சைக்கிள். அதை நடத்துவது பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை.

2. வண்டிப் பணம் யாருக்குங்க கிடைக்கும்? எத்தனை கிலோமீட்டர் இருக்கோணும்?

கல்வி உரிமைச் சட்டம் 2009 ஆறு முதல் பதினான்கு வயது வரை அருகமைப் பள்ளி வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளி இருக்க வேண்டும். குடியிருப்பு சிறியது, தனிப் பள்ளி கட்ட இயலாது என்றால் அந்தக் குழந்தைக்கு வண்டியோ தங்கும் வசதியோ செய்து தருவது அரசின் கடமை. வண்டிப் பணம் பிறந்தது இந்தக் கடமையிலிருந்துதான், அது யாரும் போடுகிற தயவு இல்லை. கூட்டத்தில் பேசும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு முன்பு இந்தப் பணம் கிடையாது. 2021இல் திட்ட நெறிமுறை திருத்தப்பட்ட பிறகு உயர்நிலை வகுப்புகளுக்கும் நீண்டது. அங்கே 5 கிலோமீட்டருக்குள் பள்ளி என்பது கணக்கு. எல்கேஜி, யுகேஜி குழந்தையின் பெயர் பட்டியலில் ஏறாது. பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தும் நீங்களாக விரும்பித் தூரத்துப் பள்ளியில் சேர்த்திருந்தாலும் கிடைக்காது.

3. ஊருக்குள்ள பள்ளி இருக்குதுன்னு சொல்லி எங்க பேரை எடுத்துட்டாங்க. நாங்க இருக்கிறது தோட்டத்துச் சாளையில, ஊரே ரெண்டு கிலோமீட்டருங்க. என்ன பண்றது?

கொங்கு நாட்டில் அதிகமாக நடக்கிற தவறு இது. தஞ்சாவூர்ப் பக்கம் போல இங்கே வீடுகள் ஒரே தெருவில் கூடி நிற்பதில்லை. கிணறும் தோட்டமும் எங்கே இருக்கிறதோ அங்கேயே சாளை, அதாவது தோட்டத்து வீடு. பல்லடம், காங்கேயம், தாராபுரம், சென்னிமலை, பரமத்திப் பக்கமெல்லாம் ஒரு வருவாய்க் கிராமத்தில் வளவுகள், அதாவது சின்னச் சின்ன வீட்டுக் கூட்டங்கள், சிதறிக் கிடக்கும். பட்டியல் எடுப்பவர் குடியிருப்பின் பெயரைப் பார்க்கிறார். அந்தப் பெயரில் பள்ளி இருக்கிறது, தூரம் ஒரு கிலோமீட்டருக்குள் என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறார். குழந்தை எந்த வாசலிலிருந்து நடக்கிறது என்பது தாளில் வருவதே இல்லை.

சட்டம் பார்ப்பது குழந்தைக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தை. அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இது. சாளை வாசலில் நின்று செல்போன் வரைபடத்தில் பள்ளி வரை 'நடந்து போகும் வழி' போட்டு, அந்தத் தூரம் தெரியும்படி படம் எடுங்கள். இருபுறமும் வேலி உள்ள இட்டேரிப் பாதையை வரைபடம் காட்டாது என்றால் பைக்கில் ஒருமுறை போய் மீட்டரில் ஓடிய கணக்கைப் போகும்போதும் வரும்போதும் படம் எடுங்கள். வேலிக்குள் நுழைந்து அடுத்தவர் காட்டைக் கடக்கும் குறுக்குவழியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பொதுவழி இல்லை, நாளைக்கே கம்பி போட்டுவிடுவார்கள்.

பக்கத்துச் சாளைகளையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுங்கள். நான்கைந்து சாளைகள் இருக்கும் இடத்துக்கு ஊர் மக்கள் சொல்லும் பெயர் ஒன்று கட்டாயம் இருக்கும். அந்தப் பெயரில் தனிக் குடியிருப்பாகக் காட்டும்படி எழுதிக் கேளுங்கள். தனிக் குடியிருப்பாக ஒருமுறை ஏறிவிட்டால் அடுத்தடுத்த ஆண்டுகளில் இதே சண்டையைத் திரும்பப் போட வேண்டியிருக்காது.

4. எங்களுக்குத் தூரம் முக்கால் கிலோமீட்டர்தானுங்க. ஆனா நடுவுல நாலு வழிச்சாலை. சின்னப் புள்ளைய எப்படி அனுப்பறது?

சேலம், கோவை வழியாகக் கொச்சி போகும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ரயில் தண்டவாளம், கைப்பிடிச் சுவர் இல்லாத பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு), எல்பிபி (கீழ்பவானி) வாய்க்கால் மேடு, மழைக்காலத்தில் தண்ணீர் வரும் ஓடை எல்லாமே இந்தக் கேள்விக்குள் அடக்கம். கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகள் இதற்கு இடம் கொடுத்திருக்கின்றன. கடினமான நிலம், வெள்ளம், மண்சரிவு, பாதை இல்லாமை, பொதுவாகச் சின்னக் குழந்தைகளுக்கு வழியில் ஆபத்து என்றால் 1 கிலோமீட்டர், 3 கிலோமீட்டர் எல்லையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அவை சொல்கின்றன.

மனுவில் 'ஆபத்தான பாதை' என்று மட்டும் எழுதினால் வேலை நடக்காது. எந்த இடத்தில் கடக்கிறார்கள், சுரங்கப்பாதையோ சிக்னலோ எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது, அதன் வழியே சுற்றிப் போனால் மொத்தத் தூரம் எவ்வளவு என்று எழுதுங்கள். பல இடங்களில் அந்தச் சுற்றுவழிக் கணக்கே 1 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அப்போது விதிவிலக்குக் கேட்கவே தேவையில்லை.

5. மாசம் எவ்வளவு வரும்? கையில தருவாங்களா?

ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 6,000 ரூபாய். பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 600. 'அதிகபட்சம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தூரமும் வசதியும் பார்த்து இதற்குக் குறைவாகவும் ஒப்புதல் வரலாம், இதைவிடக் கூடுதலாக வராது.

பெரும்பாலும் வாடகை பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கு வழியாக வண்டிக்காரருக்குப் போகும். குழந்தைக்கான தொகைகளை நாளடைவில் நேரடியாகக் குழந்தையின் வங்கிக் கணக்கில் போடுவது என்று 2021 நெறிமுறை சொல்வதால், கணக்கை இப்போதே சரியாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றைப் பாருங்கள்: ஆதார் அந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதா, ஆதாரிலும் எமிஸ் பதிவிலும் (பள்ளிக் கல்வித் துறையின் கணினி வழி மாணவர் விவரப் பதிவு) பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா, வரவு செலவே இல்லாமல் கணக்கு முடங்கிக் கிடக்கிறதா. முடங்கிய கணக்குக்கு அனுப்பிய பணம் திரும்பிப் போய்விடும், மறுபடி வர மாதக்கணக்காகும். முதல் வேலையாகப் பாஸ்புத்தகத்தில் பதிவு போட்டுப் பாருங்கள்.

6. எப்ப, யாருகிட்ட எழுதிக் குடுக்கோணும்?

ஜூனில் போய்க் கேட்பவர்களுக்கு 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்ற பதில் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பணம் ஆண்டுத் திட்டத்தில் குடியிருப்பு வாரியாக, தலை எண்ணிக்கையோடு எழுதப்பட்டு, மாநிலம் தொகுத்து, டெல்லியில் கல்வி அமைச்சகத்தின் ஒப்புதல் குழுவுக்குப் போகிறது. ஒப்புதலான எண்ணிக்கைக்குத்தான் பணம். அதனால் கோடை வரும் முன்பே, பொங்கல் முடிந்ததும் எஸ்எம்சி கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிடுவது பாதுகாப்பு.

தீர்மானத்தோடு இணைக்க வேண்டியவை: குழந்தையின் பெயர், வகுப்பு, எமிஸ் எண், குடியிருப்பின் பெயர், வாசலிலிருந்து தூரம் (கேள்வி 3இல் சொன்ன படங்களோடு), பஸ் வசதி இருக்கிறதா இல்லையா, இருந்தால் எத்தனை மணிக்கு. தலைமையாசிரியர் கையொப்பமிட்டு வட்டார வள மையத்துக்கு அனுப்புவார், அங்கிருந்து முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குப் போகும். ஒரு நகலில் 'பெறப்பட்டது' என்று தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எமிஸ் பதிவில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் என்ன என்று இருக்கிறது என்பதையும் தலைமையாசிரியரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சேர்க்கை அவசரத்தில் எல்லாக் குழந்தைக்கும் ஒரே தூரத்தைப் போட்டுவிட்டு விட்டிருப்பார்கள். தீர்மானத்தில் 2 கிலோமீட்டர், எமிஸில் அரைக் கிலோமீட்டர் என்றால் மேலே இருப்பவர் எமிஸைத்தான் நம்புவார்.

7. மாசம் 600 ரூபாய்க்கு எந்த வண்டிக்காரருங்க வருவாரு?

நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். பள்ளி 4 கிலோமீட்டர் தூரம். காலையில் கொண்டுபோய் விட்டுக் காலியாகத் திரும்பி, மாலையில் காலியாகப் போய் ஏற்றி வந்தால் 16 கிலோமீட்டர். சாளை சாளையாகச் சுற்ற 4 கிலோமீட்டர் சேர்த்து நாளுக்கு 20, மாதம் 22 நாளுக்கு 440 கிலோமீட்டர். மண்பாதையில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தரும் டீசல் வேனுக்கு 40 லிட்டர். லிட்டர் 92, 93 ரூபாய் என்றால் 3,700 ரூபாய் டீசலுக்கே போகிறது. பன்னிரண்டு குழந்தைகள் இருந்தால் 7,200 வரும், கையில் 3,500 நிற்கும். ஆறு பேர்தான் என்றால் வருவது 3,600, டீசலுக்கே பத்தாது.

ஆட்டோ என்றால் இன்னும் இறுக்கம். அதே 440 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 25 கிடைத்தாலும் பெட்ரோல் 1,800 ரூபாய்க்குப் பக்கம். நான்கு குழந்தைகளுக்கு 2,400 வந்தால் மிச்சம் 600. மாதம் 44 நடைக்கு வகுத்தால் ஒரு நடைக்கு 14 ரூபாய். அதனால்தான் ஆட்டோக்காரர் பத்துக் குழந்தையை அடைக்கிறார். அடைப்பது தவறு. ஆனால் அந்தத் தவறை வாடகைக் கணக்கே உண்டாக்குகிறது என்பதையும் அதிகாரிகள் முன்னால் சொல்ல வேண்டும்.

கட்டுப்படியாகச் செய்வதற்கு நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஒரே சாலையில் இருக்கும் தொடக்கப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் சேர்ந்து ஒரு வண்டி பேசுவது. இரண்டு எஸ்எம்சியும் தனித்தனித் தீர்மானம் போட்டு, வண்டிக்காரர் தனித்தனி ரசீது தர வேண்டும். இரண்டு, வண்டி எந்தப் பக்கம் வாழ்கிறது என்று பார்ப்பது. பள்ளி ஊரில் இருக்கும் வண்டியை விட, குழந்தைகள் இருக்கும் வளவிலேயே இரவு நிற்கும் வண்டி நல்லது. காலையில் குழந்தைகளை இறக்கிவிட்டு அப்படியே டவுனுக்கு வேறு சவாரி பார்க்கப் போய், மாலையில் வீடு திரும்பும் வழியில் ஏற்றிவந்தால் காலி ஓட்டம் பாதியாகும். மூன்று, சாளைக்கு சாளை போகாமல் ஆலமரம், சொசைட்டி, கோயில் என்று இரண்டு மூன்று இடத்தில் கூட்டி நிறுத்துவது. மேலே சொன்ன 4 கிலோமீட்டர் சுற்று அதில் மிச்சம்.

பன்னிரண்டு பேர் வண்டிக்குப் பதினெட்டுக் குழந்தைகள் இருந்தால் இரண்டு நடை அடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். இரண்டாம் நடைக்கு மாதம் 352 கிலோமீட்டர் கூடும், டீசல் 2,950 ரூபாய். கூடுதல் ஆறு பேருக்கு வருவது 3,600. வண்டிக்காரருக்கு மிஞ்சுவது 650 ரூபாய்தான், ஒரு மாதத்தில் நின்றுவிடுவார். முதல் நடைக் குழந்தைகள் மணியடிக்க வெகுநேரம் முன்பே வந்து இறங்குவார்கள் என்பதால், காலை உணவுத் திட்டம் இருக்கும் தொடக்கப் பள்ளி என்றால் மட்டும் அதில் ஒரு நன்மை உண்டு. வண்டி தாமதமானால் அந்தச் சாப்பாடும் போய்விடும் என்பதை நேரம் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

8. எங்க பங்காளி சொந்த ஆம்னி வெச்சிருக்காரு. அதையே பேசிக்கலாமுங்களா?

கூடாது. வெள்ளை நம்பர் தகடு உள்ள சொந்த வண்டியில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது பெர்மிட் மீறல். அதைவிடப் பெரிய விஷயம் காப்பீடு: விபத்து நடந்தால் வாடகைக்கு ஓடியது என்று சொல்லி நிறுவனம் கையை விரித்துவிடும். மஞ்சள் தகடு, நடப்பில் இருக்கும் பெர்மிட், எஃப்சி என்னும் வண்டித் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம் இந்த ஐந்தின் நகலும் எஸ்எம்சி கோப்பில் இருக்க வேண்டும். காலாவதித் தேதிகளை ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியர் அறையில் ஒட்டிவைப்பது நல்ல பழக்கம். எஃப்சி முடிந்த வண்டி ஓடியதைத் தணிக்கையில் கண்டால் அந்த மாத வாடகையையும் நிறுத்துவார்கள்.

பள்ளிப் பேருந்துகளுக்கு 2012இல் தமிழ்நாடு தனி விதிகள் கொண்டுவந்தது. உதவியாளர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி எல்லாம் அதில் வருகின்றன. எஸ்எம்சி பேசும் சின்ன வண்டியிலும் முதலுதவிப் பெட்டியும் தீயணைப்பானும் கேட்டு வாங்குங்கள். பெர்மிட்டில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஏற்றினால் கூடுதல் ஆள் ஒருவருக்கு 200 ரூபாய் வீதம் அபராதம் உண்டு.

9. வழித்துணைன்னு சொல்றாங்களே, அது யாருங்க?

வண்டி போக முடியாத பாதையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து போய், மாலையில் கூட்டிவரும் ஆள். சத்தியமங்கலம், ஆனைமலை, கொல்லிமலைப் பக்கத்து வனக் குடியிருப்புகளில் இதுவே ஏற்ற வழி. அந்தக் குடியிருப்பிலேயே இருக்கும் ஒருவரை, முடிந்தவரை ஒரு பெண்ணை, எஸ்எம்சி தீர்மானம் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். யானை நடமாடும் இடத்தில் பழங்குடி மக்களுக்குத் தெரியும் பாதை அறிவு வெளியாளுக்கு வராது.

தினமும் ஒரு நோட்டில் எத்தனை குழந்தைகள், புறப்பட்ட நேரம், பள்ளி சேர்ந்த நேரம் மூன்றையும் எழுதி ஆசிரியரிடம் கையொப்பம் வாங்கினால் போதும். அந்த நோட்டு இல்லாததால்தான் பல இடங்களில் பணம் நிற்கிறது.

10. மூணு மாசமா வாடகை வரலைன்னு வண்டிக்காரர் நிறுத்திட்டாருங்க. இனி என்ன?

முதலில் பணம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். எஸ்எம்சி கணக்குக்கு வந்து தீர்மானமும் ரசீதும் இல்லாமல் கிடக்கலாம். அது ஒரே கூட்டத்தில் தீரும். வட்டாரத்தில் கோப்பு நிற்கலாம். அப்போது 14417 கல்வி உதவி எண்ணிலோ 1100 முதல்வர் உதவி எண்ணிலோ பதிவு செய்து புகார் எண்ணை வாங்குங்கள், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம்.

மேலேயே பணம் விடுவிக்கப்படாமலும் இருக்கலாம். இந்தத் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கு. மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததை முன்னிட்டு 2024-25க்கான மத்தியப் பங்கு 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. மாநிலம் 2025இல் உச்ச நீதிமன்றம் போனது. இப்படி நடக்கும்போது சாளை வாசலில் நிற்கும் குழந்தைக்குத்தான் முதல் அடி.

இடைக்காலத்தில் பெற்றோர் சேர்ந்து வண்டிக்காரருக்குக் கைமாற்று கொடுத்து ஓட்டுவது உண்டு. அப்படிச் செய்தால் அது வண்டிக்காரர் வாங்கிய கடன் என்று அவர் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். நிலுவை வந்ததும் அவர் திருப்பித் தருவார். எஸ்எம்சிக்குக் கொடுத்ததாக எழுதினால் திட்டப் பணத்திலிருந்து உங்களுக்குத் திருப்பித் தரத் தலைமையாசிரியருக்கு வழியே இருக்காது.

11. இந்த வருஷ பஸ் பாஸ் இன்னும் வரலை. கண்டக்டர் டிக்கெட் எடுக்கச் சொல்றாருங்களே?

புதுப் பாஸ் வரும்வரை சீருடையில் இருந்தாலோ பழைய பாஸ் காட்டினாலோ கட்டணம் வாங்கக்கூடாது என்று ஒவ்வொரு ஜூனிலும் போக்குவரத்துத் துறை அறிவிக்கிறது. கலர் உடை போடும் நாளில் பிரச்சினை வருவதால் பழைய பாஸையோ பள்ளி அடையாள அட்டையையோ பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பாஸில் ஏறும் இடம், இறங்கும் இடம் தப்பாக அச்சாகி வருவதுதான் இதில் பெரிய தலைவலி. வீட்டு ஊரின் பெயரும் பஸ் நிறுத்தத்தின் பெயரும் ஒன்றாக இருக்காது. விவரம் கொடுக்கும்போது நிறுத்தத்தின் பெயரையே கொடுங்கள். வழியில் பஸ் மாறினால் மாறும் இடத்தையும் எழுத வேண்டும்.

12. எங்க ரூட்ல ஓடறது பூராம் பிரைவேட் பஸ்ஸும் மினி பஸ்ஸும்தான். பாஸ் செல்லுங்களா?

செல்லாது. பாஸ் அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துக்கு மட்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களில் தனியார் பஸ் நிறைய ஓடுவதால் வேறு ஊர்களில் எழாத சிக்கல் இங்கே எழுகிறது. தாளில் 'பஸ் வசதி உண்டு', குழந்தைக்கோ தினமும் காசு கொடுத்துப் பயணம்.

கேள்வி 6இல் சொன்ன மனுவில் பஸ் வசதி என்ற இடத்தில் 'அரசுப் பேருந்து இல்லை, தனியார் பேருந்து மட்டும், பாஸ் செல்லாது' என்று தெளிவாக எழுதுங்கள். 'பள்ளி நேரத்துக்கு அரசுப் பேருந்து இல்லை' என்பதும் அதே வலு உள்ள காரணம்தான். காலை ஆறரைக்கு ஒரு டவுன் பஸ், பிறகு பதினொன்றுக்கு ஒன்று என்றால் அது பள்ளிக் குழந்தைக்கு வசதி ஆகாது.

13. பொம்பளப் புள்ளைங்களுக்குத்தான் பஸ்ஸே ஃப்ரீ ஆச்சே, பாஸ் எதுக்குங்க?

மகளிர் விடியல் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. சமவெளியில் அது வெள்ளை போர்டு போட்ட சாதாரண நகரப் பேருந்தில் மட்டும். புறநகர்ப் பேருந்தில், அதாவது மஃப்சல் வண்டியில் ஏறினால் பாஸ் இல்லாத மாணவிக்கும் கட்டணம்தான். பெருந்துறையிலிருந்து ஈரோடு போக டவுன் பஸ் தவறினால் அடுத்து வருவது மஃப்சலாக இருக்கும். அதனால் பாஸ் வாங்கியே வையுங்கள்.

14. பாஸ் பசங்க கூட்டமா நின்னா பஸ் நிக்காம போயிருதுங்க. யாருகிட்டச் சொல்றது?

பாஸ் குழந்தைகளால் கழகத்துக்கு நட்டம் என்ற பேச்சு பணியாளரிடமும் உண்டு, ஊரிலும் உண்டு. மாணவர் கட்டணச் சலுகைக்காக 2025-26 மாநில வரவுசெலவுத் திட்டத்தில் 1,782 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குழந்தையின் டிக்கெட்டுக்கான பணத்தை அரசு கழகத்துக்குத் தருகிறது. அதைச் சொல்லியே கேளுங்கள்.

புகாரில் தேதி, நேரம், நிறுத்தம், தடம் எண், வண்டி எண் ஐந்தும் வேண்டும். ஒருநாள் சம்பவத்தை விட, இரண்டு வாரம் தினமும் குறித்த தாள் கிளை மேலாளரிடம் வேலை செய்யும். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்கள் கோவைக் கோட்டம். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி சேலம் கோட்டம். கரூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும்: கரூர் கும்பகோணம் கோட்டத்தில் இருக்கிறது, ஈரோட்டில் கொடுத்த மனு அங்கே போகாது. நேரம் மாற்றவோ கூடுதல் நடை கேட்கவோ விரும்பினால் எந்த நிறுத்தத்தில் எத்தனை மாணவர்கள் என்ற பட்டியலைத் தலைமையாசிரியர் கையொப்பத்தோடு இணைத்து, கிராமசபையிலும் தீர்மானம் போட்டு அனுப்புங்கள்.

15. எம் பையனுக்கு நடக்க முடியாதுங்க. தூக்கிட்டுத்தான் போகோணும். அவனுக்கும் இந்த 600 ரூபாய்தானா?

இல்லை, அவனுக்குத் தனிப் பிரிவு. உள்ளடக்கிய கல்விப் பிரிவில் மாற்றுத்திறன் குழந்தைக்குப் போக்குவரத்துப் படி, கூடச் செல்பவருக்குத் துணையாள் படி, உதவி உபகரணம் முதலியவை உண்டு. ஒரு குழந்தைக்கான இந்தச் செலவுகளுக்கு மத்திய நெறிமுறையில் ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கீடு. பெண் குழந்தை என்றால் மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதம் ஊக்கத்தொகையும் தனியாக உண்டு. இங்கே 1 கிலோமீட்டர், 3 கிலோமீட்டர் கணக்கு பேசாது. பள்ளி எதிர்வீட்டில் இருந்தாலும் தூக்கித்தான் போக வேண்டும் என்றால் துணை வேண்டும்தானே.

வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரையும் இயன்முறை மருத்துவரையும் பாருங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அல்லது யூடிஐடி என்னும் தேசிய அட்டை, மருத்துவச் சான்று, வங்கிக் கணக்கு வேண்டும். எமிஸில் மாற்றுத்திறன் வகை ஏறியிருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடாதீர்கள், அது ஏறாத குழந்தைக்கு ஒன்றும் வராது. பள்ளிக்கு வரவே முடியாமல் வீட்டுவழிக் கல்வியில் இருக்கும் குழந்தையைப் பயிற்சிக்கு மையம் கொண்டுவருவதற்கான போக்குவரத்தையும் அதே சிறப்பாசிரியரிடம் கேளுங்கள். நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன்வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை.

16. சைக்கிள் பத்தாவதுலயே தருவாங்களா?

பதினொன்றாம் வகுப்பில்தான். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-06இல் எல்லோருக்கும் விரிந்தது. அரசு, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியருக்கு உண்டு.

கொடுத்த அன்றைக்கே ஓட்டிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். நூற்றுக்கணக்கில் அவசரமாகப் பூட்டுகிற வண்டிகள். ஹேண்டில் பார் நட்டு, சீட் நட்டு, பெடல், பிரேக் கட்டை நான்கையும் சைக்கிள் கடையில் ஒருமுறை இறுக்கி, காற்றும் பார்த்த பிறகு ஏறட்டும்.

17. மலையில இருக்கறோம், எட்டாவதுக்கு மேல பள்ளியே பத்து, பன்னெண்டு கிலோமீட்டருங்க. தினமும் போய்வர முடியுமா?

பர்கூர், கடம்பூர், தாளவாடி, வால்பாறைப் பக்கம் இந்த நிலை உண்டு. வண்டிப் பணம் இருந்தாலும் மழைக்காலத்தில் வண்டியே ஏறாத பாதைக்கு விடுதிதான் வழி. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், இடைநின்ற பெண் குழந்தைகளுக்கான கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா, ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி எல்லாவற்றிலும் தங்குவதும் சாப்பாடும் இலவசம். ஆதிதிராவிடர் விடுதிக்கு வீடு 5 கிலோமீட்டருக்கு மேலும், பிற்படுத்தப்பட்டோர் விடுதிக்கு 8 கிலோமீட்டருக்கு மேலும் இருக்க வேண்டும். மாணவிகளுக்கு இந்தத் தூர நிபந்தனை கிடையாது.

ஆறு, ஏழு வயதுக் குழந்தையை விடுதியில் விடச் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். அந்த வயதில் அம்மாவோடு இருப்பது முக்கியம். தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு வழித்துணையையோ வண்டியையோ எழுத்தில் கேளுங்கள்.

18. இருபத்தஞ்சு சதவீத இடத்துல மெட்ரிக் பள்ளியில சேர்த்தோம். வேன் ஃபீஸும் அரசாங்கம் கட்டுமா?

கட்டாது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் அந்த இருபத்தைந்து சதவீத இடங்களுக்கு அரசு பள்ளிக்குத் திருப்பித் தருவது கல்விக் கட்டணத்தை, வேன் அதில் சேராது. ஆனால் பள்ளி வேனில்தான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. சேர்க்கும் முன் வேன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இலவசம் என்று சேர்த்துவிட்டு வேனுக்கு வழியில்லாமல் பாதியில் நிறுத்துவது குழந்தைக்குப் பெரிய அடி.

19. பனியன் கம்பெனி லைன் வீட்டுல இருக்கற ஒடிசாக்காரங்க புள்ளைக்கு ஆதார்ல ஊர் விலாசம்தான் இருக்குது. கிடைக்குமா?

கிடைக்க வேண்டும். கல்வி உரிமை குழந்தை எங்கே வசிக்கிறதோ அங்கே. வயதுச் சான்று இல்லை என்று சொல்லிக்கூடச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது சட்டம். ஆதார் விலாசம் தூரக் கணக்குக்கு உதவாது. தலைமையாசிரியர் இப்போதைய இருப்பிடத்தைக் கணக்கெடுப்பில் எழுத வேண்டும்.

செங்கல் சூளை, நூல் மில், கோழிப்பண்ணைக் குழந்தைகள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவதால் கோடைக் கணக்கெடுப்பில் தப்பிவிடுகிறார்கள். அவர்கள் வந்ததும் வட்டார வள மையத்தில் 'பள்ளி செல்லாக் குழந்தை' என்று பதிவு செய்தால் அந்தப் பிரிவு வழியாகச் சிறப்புப் பயிற்சி மையமும் போய்வர வண்டியும் கேட்கலாம். தகவல் சொல்வதற்குப் பெற்றோரே வர வேண்டியதில்லை, பக்கத்து வீட்டார் 1098 குழந்தைகள் உதவி எண்ணில் சொன்னாலும் போதும்.

20. எங்க ஊர்ப் பள்ளியில புள்ளைங்க குறைஞ்சு போச்சு, அடுத்த ஊரோட சேர்த்தறோம்கிறாங்க. வண்டி வெச்சுத் தர்றோம்கிறாங்க, நம்பலாமுங்களா?

வாய்ப் பேச்சை வைத்துச் சம்மதிக்காதீர்கள். கேள்வி 5, 6, 7 மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் புரியும்: பணத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒப்புதல் வேண்டும், தொகைக்கு உச்சவரம்பு உண்டு, குழந்தைகள் ஆறேழு பேர் என்றால் வண்டி கட்டுப்படியாகாது. இந்த ஆண்டு ஓடும் வண்டி அடுத்த ஆண்டும் ஓடும் என்பதற்குப் பள்ளிக் கட்டடம் போல நிலையான உறுதி கிடையாது.

எஸ்எம்சி தீர்மானத்தில் நிபந்தனைகளை எழுதிவிடுங்கள். எந்தக் குடியிருப்புகளிலிருந்து வண்டி, எத்தனை மணிக்கு, எந்த வகுப்பு வரை, ஒரு மாதம் வாடகை தவறினால் யார் பொறுப்பு, ஒரே ஒரு குழந்தை மிச்சம் இருந்தாலும் வண்டி வருமா. இதற்கு முதன்மைக் கல்வி அலுவலகத்திலிருந்து எழுத்தில் பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதுவரை உங்கள் ஊர்ப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் குழந்தைகள் பெயர் இருக்கட்டும்.